மலைவீடும் கல்லூரி நாட்காட்டியும்

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கப்படுவதை முன்னிட்டு, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கல்வி நிலையங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் உள்ளூர் விடுமுறை அறிவிப்பதும், அதற்கு ஈடாகப் பின்னொரு சனிக்கிழமையை வேலை நாளாக்குவதும் இந்நகரத்தாருக்கு வெகுகாலமாகப் பழகிப்போன விஷயங்கள். உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ குடியிருக்கும் ஒரு குடும்பத்தில் அன்றைய தினம் விருந்தினர் எத்தனை பேர் வருவார்கள், வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருப்பான், அவன் கல்லூரிக்கு வரவேண்டுமென்று எதிர்பார்ப்பது எவ்வளவு அபத்தம் என்பதையெல்லாம் அரசாங்கமே அறிந்து, குடும்பத்தின் கடமைக்கும் கல்லூரியின் கடமைக்கும் இடையே ஒரு சமரசத்தை அந்த ஒரே உத்தரவின் மூலம் செய்துவைத்துவிடுகிறது. அதே மாவட்டத்தின் வட எல்லையில், துறையூர்ச் சமவெளிக்கு அப்பால் நீண்டு கிடக்கும் பச்சைமலையில், பங்குனியும் சித்திரையும் புளி உலுக்கி முந்திரிக் கொட்டை பொறுக்கும் காலம்; வீட்டில் கை வேண்டும், கண் வேண்டும், கணக்குப் பார்க்கத் தெரிந்த பிள்ளை ஒன்று நிச்சயமாக வேண்டும். கல்லூரியிலோ அது பருவத் தேர்வின் காலம். இந்த மோதலுக்கு எந்த உத்தரவிலும் இடமில்லை.

மாணவன் கல்லூரி வாழ்க்கையில் முழுமனத்தோடு ஈடுபடுவதும், கலகலப்பான ஒரு குடும்பத்தின் அங்கமாக வீட்டில் இருப்பதும் ஒத்துப் போகுமா என்ற கேள்வியை நம்மில் பெரும்பாலோர் மனோபாவத்தைப் பற்றிய கேள்வியாகவே கருதி வருகிறோம். பிள்ளைக்குப் பொறுப்பு இருக்கிறதா, பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரிகிறதா என்று விசாரிக்கிறோமே தவிர, நாட்காட்டியையும் பேருந்து அட்டவணையையும் வருகைப் பதிவேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு விசாரிப்பதில்லை. திருச்சிராப்பள்ளியின் கல்லூரிகள் எந்த வீட்டின் அளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டனவோ அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சமநிலை சுலபமாக அமைகிறது என்பதும், மற்ற வீட்டுப் பிள்ளைக்கு அமையாதபோது குற்றம் அவன் குடும்பத்தின் மேல் சாற்றப்படுகிறது என்பதுமே இக்கட்டுரையின் வாதம். ஸ்ரீரங்கத்தையும் பச்சைமலையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

பச்சைமலை, திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி. திருச்சி நகரத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர், உயரம் பெரும்பாலும் 500 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை, மேற்கே கொல்லிமலை. வண்ணாடு, தென்பறநாடு, கோம்பை என்று நாடுகளாகப் பகுக்கப்பட்ட இம்மலையில் வாழ்பவர்கள், பெயரில் மட்டும் கேரளத்தை நினைவூட்டி மொழியால் முற்றிலும் தமிழரான மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலையிலும் இரண்டாமவர் பச்சைமலையிலும் இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினர் என்ற அவர்களுடைய பூர்வ கதையை எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். தங்கள் வரலாற்றையே அண்ணன் தம்பி பிரிந்து போன கதையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சமூகத்துக்கு, வீட்டை விட்டு ஒருவன் வெளியே போவது புதிய அனுபவமல்ல. போனவன் உறவு முறிந்தவனாகிவிடுவான் என்ற எண்ணந்தான் அவர்களுக்கு அந்நியம்.

மலைவீட்டின் கலகலப்பு எத்தகையது என்பதை நகரவாசி ஊகிப்பது சற்றுக் கடினம். அங்கே குடும்பமென்பது ஒரு கூரைக்கு உட்பட்ட சமாசாரமாக இருப்பதில்லை. பெரியப்பன் வீடும் சித்தப்பன் வீடும் மாமன் வீடும் ஒரே வாசலைச் சுற்றி அமைந்திருக்க, ஆடும் மாடும் கோழியும் குழந்தைகளும் அவற்றுக்கிடையே பொதுச் சொத்தாக உலவுகின்றன. மரவள்ளி பிடுங்கும் நாளில் ஒருவர் காட்டுக்கு மற்றவர் போவதும், கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் ஊர்க் கவுண்டர் முதல் ஊரின் கடைசிச் சிறுவன் வரை ஆளுக்கொரு வேலையுடன் நிற்பதும் அவ்வாழ்க்கையின் அமைப்பு. மழையை நம்பிய பயிர்கள்: சாமை, தினை, கேழ்வரகு, அவற்றைப் பின்தள்ளிப் பரவிவிட்ட மரவள்ளி, இவற்றோடு முந்திரி, பலா, புளி. மழையோ பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பெய்வதில்லை. ஆனி ஆடியில் முதல் மழை விழுந்த வாரத்தில் விதைத்தாக வேண்டும்; அந்த வாரத்தில் கல்லூரியில் புதிய கல்வியாண்டின் முதற்பருவம் தொடங்கியிருக்கும். உள்ளூரில் கூலி போதாதபோது பெற்றோர் கேரளத்துக்கும் வேறு மாவட்டங்களுக்கும் வேலை தேடிப் போய்விடுவதும் உண்டு. அப்போது மூத்த பிள்ளைதான் தம்பி தங்கையருக்குத் தாயும் தந்தையும்.

இத்தகைய வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிக்கு வருவதே அண்மைக் காலம் வரை அபூர்வம். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் தொகை ஏறத்தாழ 7,95,000. மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது அவர்களுடையது 54 விழுக்காடுதான். உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு முன்னணியில் நிற்பது நாம் அடிக்கடி பெருமையோடு சொல்லிக்கொள்வது: 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. நாடு முழுவதும் பழங்குடியினருக்கு மட்டும் கணக்கிட்டால் கிடைப்பது 21.2. இந்நிலையில் 2024ஆம் ஆண்டு, பச்சைமலை அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த ஒரு மாணவி கூட்டு நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்றுத் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பெற்றதும், அவருடைய கட்டணத்தை மாநில அரசே ஏற்றதும் நாடெங்கும் செய்தியாயின. 1964இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் துவாக்குடிப் பக்கம் தோன்றி 2003இல் இப்போதைய பெயரைப் பெற்ற அந்நிறுவனம், மலையடிவாரத்திலிருந்து அரைநாள் பிரயாணத்தில் அறுபது ஆண்டுகளாக இருந்துகொண்டுதான் இருக்கிறது. அம்மாணவி கூலி வேலைக்கும் போய்க்கொண்டே படித்தவர் என்பதைப் பத்திரிகைகள் வியப்போடு எழுதின. மலையில் யாரும் அதை வியப்பாகக் கருதியிருக்க மாட்டார்கள்.

மாணவர் ஈடுபாடு என்ற கருத்தைச் சாஸ்திரீயமாக வகுத்தவர் அமெரிக்கக் கல்வியறிஞர் அலெக்ஸாண்டர் ஆஸ்டின். 1984இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: ஒரு மாணவன் தன் கல்லூரி அனுபவத்தில் செலவிடும் உடலாற்றலும் மனவாற்றலும் எவ்வளவோ அவ்வளவே அவனுடைய கல்விப் பயனும், வகுப்பு, நூலகம், மன்றம், விளையாட்டு, ஆசிரியரோடு பழகுதல் யாவும் இதில் அடங்கும், ஆனால் மாணவனுடைய காலமும் ஆற்றலும் எல்லைக்குட்பட்டவையாதலால் குடும்பம், நண்பர், வெளிவேலை ஆகியவற்றோடு கல்லூரி போட்டியிட வேண்டியிருக்கிறது. விடுதியில் தங்குவோர் படிப்பை இடையில் விடுவது குறைவு என்பது அவருடைய முந்தைய ஆய்வில் கிடைத்த முடிவு. அவருக்கு முன்பே 1975இல் வின்சென்ட் டின்டோ, தற்கொலை பற்றிய எமில் துர்க்கைமின் சமூகவியலைத் துணையாகக் கொண்டு, கல்லூரிச் சமூகத்தோடு ஒன்றாதவன் அதைவிட்டு விலகிவிடுகிறான் என்று விளக்கினார். பின்னர் ஆர்னால்டு வான் கென்னெப்பின் சடங்கியல் ஆராய்ச்சியைச் சேர்த்துக்கொண்டு, பழைய சமூகத்திலிருந்து பிரிதல், இடைநிலை, புதிய சமூகத்தில் இணைதல் என்ற மூன்று படிகளாக மாணவ வாழ்க்கையை வகுத்தார். வான் கென்னெப்பின் நூல் வெளிவந்ததும் 1909இல்தான் என்பதைக் கவனிக்கும்போது, பாரீஸில் ஒருவர் சடங்குகளைப் படிகளாக வகுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் சென்னையில் ஒருவர் பச்சைமலையாரின் குடிபெயர்வுக் கதையை அச்சேற்றிக்கொண்டிருந்தார் என்ற எண்ணம் நமக்கு ஒரு சிறு விநோதமாகத் தோன்றுகிறது.

இந்தப் பிரிதல் தத்துவத்துக்கு 1992இல் வில்லியம் டியர்னி எழுப்பிய ஆட்சேபம், அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களைப் பற்றியதாயினும், நம் மலைக்கு எழுதியதுபோலவே பொருந்துகிறது. சடங்கென்பது ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குத் தானே செய்து வைப்பது. அதன் வாயிலாகப் பிள்ளை தன் சமூகத்துக்குள்ளேயே ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு உயர்கிறான். வேறொரு சமூகத்தின் கல்லூரிக்குள் நுழைவதற்காகத் தன் வீட்டைத் துறக்க வேண்டுமென்று ஒருவனிடம் சொல்வதைச் சடங்கென்று அழைத்தல் தகாது என்பது அவர் கருத்து. டின்டோவும் பிற்காலத்தில், வீட்டுறவைக் காத்துக்கொள்வது சில மாணவருக்குத் துணையாகவே அமையும் என்று தம் கொள்கையைத் தளர்த்திக்கொண்டார். நம் அபிப்பிராயம் இன்னும் சற்று அப்பால் செல்கிறது. ஆஸ்டின் குடும்பத்தைக் கல்லூரியின் போட்டியாளராக வைத்தார்; தமிழ்க் குடும்பமோ ஒரே சமயத்தில் போட்டியாளராகவும் முதலீட்டாளராகவும் உரிமையாளராகவும் இருக்கிறது. ஆட்டை விற்று முதற்பருவக் கட்டணத்தைக் கட்டிய அப்பன், விதைப்புக்கு ஒரு வாரம் பிள்ளையை அழைக்கும்போது, கல்லூரியின் காலத்தைக் களவாடுவதாக அவன் நினைக்கவில்லை. தன் பங்கைத்தான் கேட்கிறான்.

இதற்கு நம்மூரிலேயே ஒரு பழைய சாட்சியம் உண்டு. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறிய செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை பயின்ற அப்துல் கலாம், விடுதியில் தம்மோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் இருவரைப் பற்றித் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார்: ஒருவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர், மற்றவர் ஸ்ரீரங்கத்து வைதிக ஐயங்கார். காவிரியைத் தாண்டினால் வீடு என்றிருந்த ஸ்ரீரங்கத்துக்காரர் எதற்காக விடுதியில் தங்கினார் என்று அந்நூல் விளக்கவில்லை; கலகலப்பு மிகுந்த வீடுகளில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மூலையும் ஒரு விளக்கும் கிடைப்பது எவ்வளவு துர்லபம் என்பதை அறிந்தவர்கள் விளக்கம் கேட்கவும் மாட்டார்கள். ராமேசுவரத்துப் பிள்ளையான கலாம் அவ்விடுதியின் சைவ உணவுக் கூடத்துக்குச் செயலாளராகவும் இருந்தார் என்பது, ஈடுபாடு என்று ஆஸ்டின் பிற்காலத்தில் சொன்னதற்கு நல்லதொரு திருஷ்டாந்தம். ஆனால் அதே கலாம், அடுத்த படியாகச் சென்னை எம்.ஐ.டி.யில் சேர வேண்டியபோது, கட்டணத்துக்கு வேண்டிய ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கையிலில்லாமல் நிற்க, அவருடைய தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். விடுதி வாழ்க்கையின் வெற்றியை மாத்திரம் எழுதி, அடகுச் சீட்டை எழுதாமல் விடும் எந்தக் கொள்கையும் பாதிக் கொள்கைதான்.

அதே காலத்தில் அதே கல்லூரியில் இயற்பியல் பயின்ற எஸ். ரங்கராஜன், பின்னாளில் சுஜாதா என்று தமிழகம் அறிந்தவர், ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். பல்லாண்டுகளுக்குப் பிறகு அவர் தம் இளமையைக் கதைகளாக்கியபோது அவற்றுக்கு இட்ட பெயர் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’. அக்கதைகளில் நிரம்பியிருப்பது கல்லூரி வகுப்பறையைவிட வீதியும் திண்ணையும் அக்கம்பக்கத்து மனிதருமே. விடுதியில் இருந்தவருக்குக் கல்லூரி வீடாயிற்று. வீட்டிலிருந்து வந்து போனவருக்கு வீதியே கல்லூரியாயிற்று என்று சொல்லத் தோன்றினாலும், அது அவ்வளவு நேர்த்தியாகப் பிரிந்துவிடக்கூடிய விஷயமன்று. இருவருக்கும் ஒன்று பொதுவாக இருந்தது: வேண்டும்போது போய்வரக்கூடிய, அல்லது வேண்டாதபோது தொந்தரவு செய்யாத ஒரு வீடு. முந்திரிக் காலத்தில் ஆள் அனுப்பி அழைக்கும் வீடு இருவருக்கும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலையில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குச் சென்று நின்றால் இந்த வித்தியாசத்தைப் பிரத்தியட்சமாகவே காணலாம். செயின்ட் ஜோசப் கல்லூரியும், 1923இல் தோன்றிய ஹோலி கிராஸ் கல்லூரியும், 1951இல் தொடங்கிய சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியும் அந்நிலையத்தைச் சுற்றி எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்து மாணவி 1ஆம் எண் பேருந்தில் ஏறிச் சிறிது நேரத்தில் வீட்டு வாசலில் இறங்கிவிடுகிறாள். மாலை ஒத்திகை நீடித்தால் அடுத்த பேருந்து, அதுவும் தவறினால் அதற்கடுத்தது. மலையின் பிள்ளை ஏறும் துறையூர்ப் பேருந்தும் அதே நிலையத்திலிருந்து புறப்பட்டு, அதே காவிரிப் பாலத்தைக் கடந்து, அரங்கன் கோபுரத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே கொள்ளிடத்தைத் தாண்டி, நெ.1 டோல்கேட், மண்ணச்சநல்லூர், புலிவலம் வழியாகத் துறையூர் சேர்கிறது. அங்கே இறங்கி, சோபனபுரத்துக்கு அப்பால் மலையேறி டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போகும் சில பேருந்துகளில் கடைசியானதைப் பிடித்தாக வேண்டும். பிடித்தாலும், தன் குக்கிராமத்துக்கு அங்கிருந்து நடை. நாடக மன்றத்தின் ஒத்திகை அரைமணி நேரம் நீண்டால் ஸ்ரீரங்கத்துக்காரிக்கு நஷ்டம் அரைமணி. மலைக்காரிக்கு நஷ்டம் ஓர் இரவு, சில சமயம் அந்த வாரமே. மலைப் பிள்ளைகள் மன்றங்களில் சேர்வதில்லை, ஒதுங்கியே இருக்கிறார்கள், கூச்ச சுபாவம் என்று ஆசிரியர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. அந்தக் கூச்சத்தில் எத்தனை பங்கு துறையூர்ப் பேருந்து நிலையத்தின் கடைசி வண்டிக்கு உரியது என்று யாராவது கணக்கிட்டால் நன்று.

வருகைப் பதிவேட்டின் கணக்கும் இப்படியே. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், 75 விழுக்காடு வருகை கட்டாயமாதலால் மாணவன் வராமலிருக்கக்கூடியவை 22 நாட்கள். முதற்பார்வைக்கு இது தாராளமாகத் தோன்றும். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமைக் காலை முதல் மணிக்குள் திரும்ப முடியாமற் போவதால் நாலைந்து நாள். விதைப்புக்கோ அறுவடைக்கோ ஒரு வாரம். நெருங்கிய உறவில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால், மலையில் அவை ஒருநாளில் முடிகிறவை அல்லவாதலால், இன்னொரு வாரம். இவற்றோடு சான்றிதழுக்காக அலைவது. பழங்குடிச் சாதிச் சான்றை வட்டாட்சியர் வழங்க முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து வழங்க வேண்டும். கல்வி உதவித்தொகைக்கு அச்சான்று, வங்கிக் கணக்கு, வருமானச் சான்று என்று ஒவ்வொன்றும் வேலை நாளில்தான் கிடைக்கும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் கல்லூரிப் பிள்ளை ஒருவரே என்றால், தன்னுடையதற்கு மட்டுமின்றித் தம்பி தங்கையரின் காகிதங்களுக்கும் அவரே அலைய வேண்டும். 22 நாட்கள் தீர்ந்துவிட்டன. காய்ச்சலுக்கென்று ஒருநாளும் மீதமில்லை. பிறகு வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம், அதற்கும் கீழே போனால் தேர்வெழுதத் தடை, அரியர். இதே 22 நாட்களில் ஸ்ரீரங்கத்துப் பிள்ளை பாதியைக்கூடத் தொடுவதில்லை. அவன் அதிக ஒழுங்குள்ளவன் என்பது அதற்குக் காரணமாகாது.

பெண்களைப் பொறுத்தவரை கணக்கு விபரீதமாகப் புரண்டு நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. அவ்வேலையில் ஈடுபடும் பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். ஆகையால் வீட்டிலிருந்து வந்து போகும் நகரத்து மாணவிக்குக் கலகலப்பான குடும்பமென்பது அன்றாடம் பாத்திரம், கோலம், பாட்டியின் மருந்து, விருந்தினரின் காப்பி என்று சில்லறையாகக் கழியும் காலம். அண்ணன் அதே வீட்டில் பொருளியல் படித்துக்கொண்டிருப்பான். மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிய மாணவியோ, தன் ஆயுளில் முதல்முறையாக, மாலை ஆறு மணிக்குப் பிறகு யாரும் ஒரு வேலையும் ஏவாத சில மணி நேரங்களைப் பெறுகிறாள். இதை விடுதியின் பெரும் கொடை என்றே சொல்ல வேண்டும். ஆனால் ஸ்ரீரங்கத்து மாணவி தவணையாகக் கொடுப்பதை மலையின் மாணவி, விடுமுறைக்கு வீடு சென்றதும், வட்டியோடு மொத்தமாகக் கொடுக்கிறாள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாயும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் மாணவனுக்கு அதே தொகையும் வழங்குகின்றன. அத்தொகை மாணவியின் பேருந்துக் கட்டணமாகச் செலவாகிறது, அல்லது வீட்டுக்கே போய்விடுகிறது என்று சிலர் குறை சொல்லக் கேட்கிறோம். போகட்டுமே! மகள் படிப்பதால் வீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது என்று ஆகிவிட்டால், அவளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கும் அவசரம் சற்றாவது தணியும்.

2020 மார்ச்சில் கொள்ளை நோயை முன்னிட்டுக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, வீட்டையும் கல்லூரியையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து பார்க்கும் ஒரு பரிசோதனை, யாரும் விரும்பாமலே, நடந்தது. கைபேசிக் கோபுரத்தின் வீச்சு எட்டாத குக்கிராமங்களில் பாடம் கேட்க மேடேற வேண்டியிருந்தது. அதனினும் பெரிய தடை, வீட்டில் கண்ணெதிரே இருக்கும் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறான் என்பதை மலைவீடு, நகரத்து வீட்டைப் போலவே, ஏற்றுக்கொள்ள மறுத்ததுதான். இடைவெளியே இல்லாத நெருக்கம் ஈடுபாட்டைக் கொல்லும்; குடும்பத்தோடு கல்லூரி போட்டியிட வேண்டியிருக்கிறது என்று ஆஸ்டின் சொன்னது இந்த அளவில் சரிதான்.

இனி, இக்கட்டுரையைத் தூண்டிய மற்றொரு விநோதத்துக்கு வருவோம். காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், மாணவர் ஈடுபாட்டுக்கு நம் தேசம் கண்ட மிகச் சிறந்த உபாயங்களுள் ஒன்று. தொண்டர் ஒருவர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். அதைத் தவிர ஏழு நாள் சிறப்பு முகாம். 1982இல் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் விரிவாக்கப் பணிக்கென்றே ஒரு மதிப்புப் புள்ளியும் உண்டு. இத்தகைய முகாம்களுக்குப் பச்சைமலையின் கிராமங்களும் உரிய இடங்களாகக் கருதப்பட்டு வருகின்றன: நகரத்துப் பிள்ளைகள் மலையேறி வந்து, மரக்கன்று நட்டு, சுகாதாரம் பற்றி நாடகம் போட்டு, முதியோருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்து, சான்றிதழோடு இறங்கிப் போகிறார்கள். அவர்கள் செய்வது நல்ல காரியம்; அதில் ஐயமில்லை. ஆனால் அதே கிராமத்தில் பிறந்து, அதே கல்லூரியில் படித்து, விடுமுறைதோறும் அதே முதியோருக்கு ஓய்வூதிய மனு எழுதிக் கொடுத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் மாணவனுடைய மணி நேரங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. சமூகத்துக்குத் தொண்டு செய்ய வேண்டுமானால் அந்நியனாக அச்சமூகத்துக்குள் வரவேண்டும் போலும்!

அவனுடைய மணிகளையும் கணக்கில் சேர்த்தால் வீட்டு வேலை முழுவதையும் தொண்டென்று எழுதிக்கொடுத்து ஏமாற்றுவார்கள் என்று ஓர் ஆட்சேபம் எழக்கூடும். தன் வீட்டுக் காட்டில் முந்திரி பொறுக்குவதை யாரும் தொண்டென்று கேட்கவில்லை. ஊருக்குச் செய்வதையும் தன் வீட்டுக்குச் செய்வதையும் பிரித்தறிய, திட்ட அலுவலர் ஒருவர் ஆண்டுக்கு இருமுறை மலைக்குப் போய்வந்தால் போதும். கன்று நட்டதாக எழுதிக்கொண்டு நடாமல் திரும்பும் முகாம்களைக் கண்டறிவதைவிட இது கடினமான காரியமாக இராது.

தேர்வு நாட்களும் விடுப்பு விதிகளும் கல்லூரிகளின் கையில் இல்லை என்ற பழைய சமாதானம் திருச்சியில் செல்லாது. செயின்ட் ஜோசப் கல்லூரி 1978 முதலே தன்னாட்சி பெற்றது. பிறகு இந்நகரின் புகழ்பெற்ற கல்லூரிகள் பலவும் அந்நிலையை அடைந்துவிட்டன. உள்மதிப்பீட்டுத் தேர்வை எந்த வாரத்தில் வைப்பது, விடுபட்டவனுக்கு மறுதேர்வு எப்போது, விடுதியில் ஊருக்குப் போகும் வெள்ளிக்கிழமை எது, அன்று மாலை மன்றக் கூட்டம் வைக்கலாமா என்பவை அனைத்தும் அவர்களே தீர்மானிக்கக்கூடியவை. ஏப்ரல் மாதப் பருவத் தேர்வை முந்திரிக்காகத் தள்ளி வைக்க முடியாதுதான். ஆனால் வைகுண்ட ஏகாதசிக்காக ஒரு சனிக்கிழமையை மாற்றிக்கொள்ளத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஆடி மழையின்போது மலைப் பிள்ளைகள் சிலருக்கு மூன்று நாள் விடுப்பளித்து அதைப் பின்னர் ஈடு செய்துகொள்ளச் சொல்வது அறியாத வித்தையல்ல.

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குக் கூடும். ஸ்ரீரங்கத்துத் தந்தை அலுவலகத்தில் ஒருமணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, மகனுடைய மதிப்பெண்ணைப் பார்த்து, ஆசிரியரோடு சிறிது பேசிவிட்டுப் போகிறார். மலையிலிருந்து வருகிற தந்தை ஒருநாள் கூலியை இழந்து, விடியுமுன் புறப்பட்டு வந்து, தம் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் சொல்லும் இரண்டு வாக்கியங்களைக் கைகட்டி நின்று கேட்டுவிட்டு, கடைசி வண்டிக்கு ஓடுகிறார். பெரும்பாலும் அவர் வருவதே இல்லை, வராததைச் சிரத்தையின்மை என்று கல்லூரி எழுதிக்கொள்கிறது. ஆண்டுக்கொருமுறை இக்கூட்டத்தை டாப் செங்காட்டுப்பட்டியில், ஞாயிற்றுக்கிழமையில், அங்குள்ள பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்வதற்குப் புதிய செலவு ஏதும் ஆகாது. நாட்டு நலப்பணி முகாமுக்காக மலையேறும் பேருந்தில் துறை ஆசிரியர்கள் இருவருக்கு இடம் இல்லாமற் போகாது.